புதுத்தண்ணிக்கு ஏறும் மீனோடு ஆறு நாள்

முதல் நாள், ஆடி 13, நொய்யல்

ஆற்றைப் பார்க்கப் போகிறவர்கள் மலையில் தொடங்கிக் கீழே இறங்குவார்கள். நான் கீழேயிருந்து மேலே போகிறேன். அதற்குக் காரணம் எங்கள் அப்பிச்சி, அம்மாவைப் பெற்றவர். ஆடியில் காவிரியில் செந்தண்ணி வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் போதும், திண்ணையில் உட்கார்ந்தபடியே, "மீன் ஏற ஆரம்பிச்சிருக்கும் கண்ணு" என்பார். பெரிய ஆற்றின் மடுவில் கிடக்கும் கெண்டைகள் புதுத்தண்ணியின் வாடை பிடித்து, வயிறு நிறையச் சினையோடு, கிளையாறுகளைத் தேடி எதிர்த்து ஏறும். ஓட்டமுள்ள, ஆழம் குறைந்த, கூழாங்கல் கிடக்கிற இடத்தில் முட்டையிடும். அந்த மீன் போகிற வழியிலேயே நானும் போய்ப் பார்த்துவிடுவது என்று இந்த வருசம் கிளம்பிவிட்டேன்.

ஈரோட்டிலிருந்து கரூர் பேருந்து. கொடுமுடியில் இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த வண்டியில் நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊருக்கு வந்தேன். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் பிறந்து, கோவை, திருப்பூர் தாண்டி வருகிற நொய்யல் இங்கேதான் காவிரியில் கலக்கிறது. பவானியிலிருந்து வளைந்து வளைந்து வருகிற காளிங்கராயன் வாய்க்காலும் ஆவுடையார்பாறைக்குப் பக்கத்தில் இந்த ஆற்றில்தான் முடிகிறது. மூன்று தண்ணீரும் சேருகிற இடம். மீனுக்கு இதைவிட நல்ல முச்சந்தி இருக்க முடியாது.

கரையில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு வலை பிரித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர்.

"ஏனுங்கய்யா, இப்ப என்னென்ன மீன் படுதுங்க?"

"ஜிலேபிதானுங்க அம்மிணி. கூடைக்கு முக்காக்கூடை அதுதான். அப்பறம் கட்லா, ரோகு. அது அணையில விட்ட குஞ்சு எறங்கி வர்றது."

"கருமுழிக் கெண்டைங்க?"

வலையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பேரை உங்களுக்கு ஆருங்க சொன்னாங்க?"

அப்பிச்சி சொன்ன பேர். கருமுழி, சேல்கெண்டை, வெண்கெண்டை, கோழிமீன் என்று அவர் வரிசையாகச் சொல்வார். எல்லாம் இந்தக் காவிரிக் கரையின் சொந்த மீன்கள். கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியிலிருந்து கொண்டுவந்து வளர்க்கப்பட்டவை. ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து 1952-ல் இந்தியாவுக்கு வந்தது.

இன்னொரு பேரும் அவரிடம் கேட்டேன். உல்லம். வங்காளத்துக்காரர்கள் உயிரை விடுகிற அதே ஹில்சா மீன்தான். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறி வருகிற மீன். ஒரு காலத்தில் காவிரியில் மேட்டூர்ப் பக்கம் வரைக்கும் ஏறியிருக்கிறது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு காவிரியில் உல்லம் பிடிப்பு சரிந்துபோனது. வெள்ளம் வருகிற பருவமும் அளவும் மாறிப்போனால், ஏறுவதற்கான சேதி மீனுக்குக் கிடைப்பதில்லை. இன்றைக்குக் கடலிலிருந்து ஒரு மீன் கிளம்பினால் கல்லணை, முக்கொம்பு, மாயனூர்க் கதவணை என்று எத்தனை இடத்தில் முட்ட வேண்டும்! பெரியவர் உல்லத்தைப் பார்த்ததில்லை. அவருடைய அப்பா அந்தப் பேரைச் சொல்லக் கேட்டிருக்கிறாராம்.

இரண்டாம் நாள், ஆடி 14, ஒரத்துப்பாளையம்

மாமா வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பிச்சியின் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவு முழுக்க எனக்கு அங்கேதான்.

நொய்யலின் குறுக்கே 1992-ல் முடிந்த அணை இது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாயும் என்று நம்பிக் கட்டினார்கள். அதே காலத்தில்தான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி வளர்ந்தது, சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் பெருகின. மழைத்தண்ணீருக்காகக் கட்டிய அணையில் சாயத்தண்ணீர் வந்து நின்றது. கேரளத்துக்காரர் யாராவது காயலைப் பற்றிப் பேசினால் எனக்கு இந்த அணைதான் ஞாபகம் வரும். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு. ஆனால் ஒரு மாடு வாய் வைக்காது.

சாயத்தில் இருக்கிற நிறத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நிறம் கண்ணுக்குத் தெரிகிறதால் பேசுகிறோம். மீனைக் கொன்றதில் பெரிய பங்கு உப்புக்கு. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் தொட்டியில் நிறைய உப்புப் போட வேண்டும். சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளிவிடுவது அந்த உப்பின் வேலை. வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்காது, போட்டது அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். மண்ணில் விட்டால் கிணற்றுக்குப் போகும், ஆற்றில் விட்டால் அணைக்குப் போகும். வெயிலில் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே கிடக்கும். வருசத்துக்கு வருசம் கெட்டிப்படும்.

நல்லதண்ணி மீனின் உடம்புக்குள் இருக்கிற உப்பு, வெளியே இருக்கிற தண்ணீரில் உள்ளதைவிட அதிகம். அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டு, உப்பை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து சாகும்வரை விடாமல் நடக்கிற வேலை இது. வெளித்தண்ணீரே உப்பாகிவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். பெரிய மீன் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். முட்டையும் குஞ்சும் முதலில் போய்விடும். அப்புறம் செத்து மிதக்கிற மீனைக்கூடப் பார்க்க முடியாது, ஏனென்றால் பிறக்கவே இல்லை. ஜிலேபி மட்டும் கடலோரத்து உப்பங்கழியிலேயே வாழக்கூடிய மீன். குஞ்சைத் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். மற்றதெல்லாம் போன இடத்தில் அது நின்றதில் அதிசயமில்லை.

"முந்தி வலை போட்டா நாலஞ்சு சாதி மீன் சேந்து வரும் கண்ணு. அணை கட்டி நாலு வருசத்துல ஜிலேபிகூட வாடை அடிக்க ஆரம்பிச்சிருச்சு. கொழம்பு வெச்சா மண்ணெண்ணெ ஊத்துன மாரி இருக்கும். உங்க அம்மிச்சி சட்டியோட கொண்டுபோய்க் கொட்டிட்டா" என்றார் மாமா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆற்று மீன் வாங்கவே இல்லை. இளநீர் உப்புக் கரித்தது எனக்கே தெரியும். குடிக்கிறதற்குத் தண்ணீரை வண்டியில் கொண்டுவந்து ஊற்றினார்கள், ஆற்றங்கரையில் இருக்கிற வீட்டுக்கு.

ஆயக்கட்டு விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சொன்னபடி நடக்கவில்லை என்று மறுபடி போய் நின்றபோது, 2011 ஜனவரி 28-ல் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எத்தனையோ தொழிலாளிகளுக்கு அன்றைக்கு வேலை போனது. எங்கள் சொந்தத்திலேயே இரண்டு குடும்பம் பட்டறை வேலையை நம்பி இருந்தது. அவர்கள் அழுததையும் பார்த்திருக்கிறேன், ஆயக்கட்டில் கிணறு கெட்டவர்கள் அழுததையும் பார்த்திருக்கிறேன். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு மனசு வராது.

அணையில் இப்போது தண்ணீரைத் தேக்குவதில்லை. மதகு திறந்தே கிடக்கிறது. உள்ளே சீமைக்கருவேலங்காடு. கரைமேல் நடந்தபோது ஒரு குழிக்குள் தண்ணீர் நின்றது, அதில் விரல் நீளக் குஞ்சுகள் ஓடின. மாமா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஜிலேபிதான்" என்றார்.

மூன்றாம் நாள், ஆடி 15, திருப்பூர்

இன்று எழுத அதிகமில்லை. நகரத்துக்குள் மூன்று பாலங்களில் நின்று ஆற்றைப் பார்த்தேன். முன்பு வாரத்துக்கு ஒரு நிறத்தில் ஓடிய ஆறு இப்போது கறுப்பாக ஓடுகிறது.

பட்டறைகள் திறக்க வேண்டுமானால் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்பது நிபந்தனை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. வைத்து வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். செலவு பிடிக்கிற வேலை. அதை ஒழுங்காகச் செய்கிற பட்டறைக்காரர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, இதை மனசாரச் சொல்கிறேன். மழை பெய்கிற ராத்திரியில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்கள் கெடுப்பது ஆற்றை மட்டுமல்ல, இந்த மரியாதையையும் சேர்த்துத்தான்.

ஆனால் பாலத்துக்கு அடியில் நான் பார்த்தது பெரும்பாலும் வீட்டுச் சாக்கடை. குளியலறை நீர், கழிவறை நீர், கோழிக் கழிவு, மூட்டை கட்டிப் போட்ட குப்பை. நுரை. இந்த வழியாக ஒரு கெண்டை ஏறி வர முடியாது. அரை மணி நேரம் நின்றேன், தண்ணீர்ப் பாம்பைக்கூடக் காணவில்லை.

நான்காம் நாள், ஆடி 16, கோவை

நேற்று ராத்திரியே கோவை வந்துவிட்டேன். பத்து நாள் புழுக்கத்துக்குப் பிறகு நல்ல மழை. விடிகாலை ஐந்தரைக்குத் தோழி கூப்பிட்டாள். "நம்ம குளத்துல மீனெல்லாம் வாயைத் தூக்கிட்டு மெதக்குதுடி, வா."

கோவையைச் சுற்றி நொய்யலோடு சேர்ந்த குளங்கள் இருக்கின்றன. பெரியகுளம், வாலாங்குளம், செல்வசிந்தாமணி, குறிச்சி, சிங்காநல்லூர் என்று ஒரு வரிசை. ஆற்றிலே அணைக்கட்டு, அதிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து குளம், குளம் நிரம்பினால் அடுத்த குளம், கடைசியில் மறுபடி ஆறு. நொய்யலில் இப்படி 32 அணைக்கட்டுகள் என்று சொல்வார்கள். தண்ணீர் இறங்குகிற அதே வழியில் மீன் ஏறும். தண்ணீருக்கு மட்டுமல்ல, மீனுக்கும் போட்ட ரோடு அது. இன்றைக்கு அந்த வாய்க்கால்களில் மழைத்தண்ணீருக்கு முன்னால் வந்து சேர்வது சாக்கடை.

நாங்கள் போகும்போது கரையில் இருபது பேர் நின்றார்கள். கரையோரமாக ரோகு, கட்லா, கெண்டை எல்லாம் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டித் திறந்து திறந்து மூடின. சத்தம் கேட்டது. சின்னச் சின்ன "ப்ச்... ப்ச்..." என்று குளம் முழுக்க ஒரு சத்தம். இதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஏழு மணிக்குள் பாதி மீன் வெள்ளை வயிற்றைக் காட்டித் திரும்பிவிட்டது.

"ஆரோ வெசம் கலக்கீட்டாங்க" என்றார் ஒருவர். குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் விஷம் கலக்க வேண்டியதில்லை என்பதுதான் வேதனை. முப்பது டிகிரி சூட்டில் இருக்கிற நல்ல தண்ணீர்கூட ஒரு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடித்துவைக்கும். சூடு கூடக் கூட அது குறையும். சாக்கடை சேர்ந்தால் அதைத் தின்கிற பாக்டீரியா பெருகி, இருக்கிற ஆக்சிஜனைக் குடித்துவிடும். சாக்கடையில் இருக்கிற சத்துக்குப் பாசி கொழிக்கும். பகலில் அந்தப் பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரியில் அதுவும் மூச்சுவிட்டு ஆக்சிஜனை எடுக்கும். அதனால்தான் விடியும் முன்பு குளம் மிக மோசமாக மூச்சுத் திணறும். இதன்மேல் ஒரு மழை பெய்தால் தெருவில் பல நாள் சேர்ந்த அழுக்கெல்லாம் ஒரே ராத்திரியில் வந்து இறங்கும், அடியில் கிடக்கிற கறுப்புச் சேறு கலங்கி மேலே வரும். லிட்டருக்கு இரண்டு, மூன்று மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டை தாங்காது.

குத்தகைக்காரர் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். "விரால் ஒண்ணுகூடச் சாகலீங்க பாருங்க." அது நேராக மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடுகிற மீன். இப்படியே பல வருசம் போனால் குளத்தில் மிஞ்சுவது காற்றைக் குடிக்கிற மீனும் எதையும் தாங்குகிற மீனும்தான். அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும், வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போனவர்கள் கொண்டுவந்து விடுகிற தொட்டி துடைக்கிற மீனும் இப்படித்தான் நிலைத்துவிடுகின்றன. கெளுத்தி அகப்பட்டதையெல்லாம் தின்னும், நாட்டு மீன் குஞ்சு உட்பட. தொட்டி மீனின் தோல் செதில் பூரா முள், வலையைக் கிழித்துவிடும். பாவம் என்று நினைத்துக் குளத்தில் விடாதீர்கள். இதைப் படிக்கிறவர்களில் தொட்டி வைத்திருக்கிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன்.

செத்த மீனை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றினார்கள். மூட்டைகளை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள், ஆடி 17, சித்திரைச்சாவடி

பேரூரில் ஒரு காலத்தில் காஞ்சிமாநதி என்று கும்பிட்ட ஆற்றை வலதுபக்கம் வைத்துக்கொண்டு மேற்கே போனோம். பெரியாறு, சின்னாறு, நீலியாறு என்று மலையோடைகள் சேர்ந்து நொய்யலாகிற பக்கம். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் தண்ணீர் கல்லைத் தாண்டிக் கண்ணாடியாக விழுந்தது.

முதன்முறையாக இந்தப் பயணத்தில் காலை நனைத்தேன். உடனே விரலைக் கொத்த வந்தது அயிரை. பாறையில் கல்லொட்டிகள். வாய்க்குக் கீழே இருக்கிற தட்டால் பாறையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை வேகத்திலும் நகராமல் நிற்கிறது. கையால் அள்ளப் போனால் ஒரு சாண் தள்ளிப்போய் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற இந்த ஆற்றில் உயிரோடு ஒரு மீனை அதன் இடத்தில் பார்த்தது இங்கேதான். தோழி எவ்வளவோ கூப்பிட்டும் நான் வெளியே வரவில்லை.

பக்கத்துத் தோப்புக்காரர் பேச்சுக் கொடுத்தார். கோடையில் மடுவாகச் சுருங்கிய தண்ணீரில் ராத்திரியில் வந்து பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறார்களாம். குளோரின் செவுளைச் சுட்டுவிடும், மீன் மேலே வந்துவிடும், அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். "அவனுக்கு வேணும்ங்கறது ரெண்டு கிலோ. சாகறது அந்த மடுவுல இருக்கற அத்தனையும்ங்க. தவளைக்குஞ்சு, பூச்சி, எல்லாமே. அடுத்த மழைக்குக் கீழிருந்து ஏறி வந்து ரொப்பறதுக்கு மீன் வேணுமில்லீங்க?"

அவர் கேட்டதைத்தான் நான் நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். கீழே இருந்து ஏறி வர வழியில்லை. மேலே மிஞ்சியிருக்கிற இந்தக் கொஞ்சத்துக்கு ஒரு ராத்திரி பிளீச்சிங் போதும்.

ஆறாம் நாள், ஆடி 18, கொடிவேரி

நொய்யலிலேயே முடித்திருக்கலாம். பதினெட்டாம் பெருக்கன்று பவானிக்கு வராமல் இருக்க முடியவில்லை.

கோபி பேருந்தில் நிற்க இடமில்லை. கொடிவேரி அணையில் கூட்டம் திருவிழாதான். முளைப்பாரி, தேங்காய்ப்பழம், கட்டுச்சோறு, குழந்தைகள். மீன் வறுக்கிற கடைகளின் புகை. ஒரு கடையில் உட்கார்ந்தேன். வறுவல் மிளகாய்ச் சிவப்பில் வந்தது. ஜிலேபி. கடைக்கார அக்காவிடம் நாட்டுக் கெண்டை உண்டா என்றேன். சட்டிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வயிற்றைப் பிளந்து காட்டினார், உள்ளே மஞ்சளாகச் சினை. "இதுக்குத்தான் வெலை சாஸ்திங்க, சினைன்னா அல்லாரும் கேப்பாங்க." நானும் சின்ன வயதில் சண்டை போட்டு வாங்கித் தின்றவள்தான். இன்று வேண்டாம் என்றேன். ஆடி, ஆவணியில் சினைக் கெண்டையை வாங்காமல் இருப்பது நம்மால் முடிகிற காரியம், அதற்கு எந்தக் கோர்ட்டும் வேண்டாம்.

அப்பிச்சி சொன்ன கோழிமீனின் கதை இந்த ஆற்றில் தொடங்குகிறது. 1867-ல் பிரான்சிஸ் டே என்கிற மருத்துவர் நீலகிரி அடிவாரத்தில் பவானியில் பிடித்த மீனை வைத்துத்தான் அதை முதலில் அறிவியலில் பதிந்தார். இன்று அது உலகச் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்புக்கு நகர்ந்துவிட்ட மீன். மேலே பவானிசாகரில் வந்து சேருகிற மாயாற்றில் இன்னும் கொஞ்சம் திமில் முதுகு மகசீர் மிஞ்சியிருக்கிறது. ஐம்பது கிலோவைத் தாண்டி வளரக்கூடிய, உலகத்தில் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத மீன். அது எந்த இனம் என்றே ரொம்ப காலம் தெளிவில்லாமல் இருந்து, 2018-ல்தான் உறுதியானது. சென்னையில் மீன்களை ஆராய்ந்த ரேமாதேவி அம்மாவின் பேரை அந்த இனத்துக்கு வைத்திருக்கிறார்கள். அதே வருசம் அதை மிக மிக ஆபத்தான பட்டியலில் சேர்த்தார்கள். பேர் கிடைத்ததும் படுக்கையில் விழுந்ததும் ஒரே வருசத்தில்.

பவானி நொய்யலைப் போல ஆகவில்லை என்றால் அதற்கு மக்கள் ஒரு காரணம். 1990களில் சிறுமுகையில் இருந்த செயற்கை இழை ஆலையின் கழிவு இறங்கி அணைத்தண்ணீர் கெட்டபோது ஊர்கள் திரண்டு நின்றன. ஆலை நின்றது. அதனால் இன்றைக்கும் இந்த ஆற்றில் வலை போட ஆட்கள் இருக்கிறார்கள்.

வெயில் தாழ்ந்து கூட்டம் குறைந்த பிறகு, கரையோரம் தூண்டிலோடு இருந்த ஒரு அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். இந்தச் சுவரை மீன் எப்படி ஏறும் என்று கேட்டேன். ஏற ஒரு சாய்வு வழி, படி படியாக ஒரு சின்ன வாய்க்கால் வைத்துக் கட்டினால் ஏறும் என்று படித்திருக்கிறேன், வெளிநாடுகளில் நிறையக் கட்டியிருக்கிறார்கள் என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க அம்மிணி. நல்ல வெள்ளம் வந்துச்சுன்னா அக்கட்டால, அந்தப் பாறையோரமாத் தண்ணி சுத்திக்கிட்டு வரும். அதுல ஏறீரும். நாங் கண்ணால பாத்திருக்கறனுங்க."

"இன்னைக்கு ஏறுங்களாண்ணா?"

தண்ணீரைப் பார்த்தார். "செத்த நேரம் பாப்பம்ங்க. பொழுது சாயறப்பத்தான் ஏறும்."

இரண்டு பேரும் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கடைகளில் விளக்குப் போட்டார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் சுவரை மோதிக்கொண்டே இருந்தது. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவர்தான் என்னை எழுப்பிவிட்டார்.